கிழிக்காத கார்டு

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் அப்படித்தான் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போகட்டும். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டு, நம் ஜனங்கள் காடு மலையெல்லாம் நடந்தே வந்தார்கள் இல்லையா, அந்த வருஷம். வழியில் காலராவில் போனவர்களுக்குக் கணக்கே இல்லை. எனக்கோ பழசு சேர்க்கும் பைத்தியம். ரங்கூன் டிராம் டிக்கெட், கப்பல் சீட்டு, எதையும் விடமாட்டேன். பிறகு சாவுச் செய்தி வந்த கார்டுகளையும் சேர்க்க ஆரம்பித்தேன். மூலையில் கறுப்பு மை தடவி வருமே, அவைதான். வாசலிலேயே படித்துக் கிழித்துப் போடுவது வழக்கம், வீட்டுக்குள் வரக்கூடாது. நான் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இழவு விழுந்த வீடாகப் பார்த்துப் போய், "கிழிக்காதீங்க, இதெல்லாம் சரித்திரம்" என்று வாங்கி வந்து, பிஸ்கட் டப்பாவில் போட்டுப் பரண்மேல் வைத்தேன். வெட்கங்கெட்ட வேலைதான், இப்போது தெரிகிறது.

என் தம்பியும் ரங்கூனில்தான் இருந்தான், மர மில்லில் வேலை. நாலு மாதமாகத் தகவல் இல்லை. அம்மா தினமும் தபால்காரனை வழிமறிப்பாள். ஒரு நாள் அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது தம்பி பெயர் போட்டு, மூலையில் கறுப்பு மை தடவிய கார்டு வந்தது. கூட நடந்தவர் எழுதியிருந்தார், வழியிலேயே போய்விட்டான், புதைக்கக்கூட நேரமில்லை என்று. கிழித்தால் அம்மாவிடம் சொல்லியாக வேண்டும். கை வரவில்லை. அதையும் டப்பாவில் போட்டு மூடிவிட்டேன்.

மூன்றாம் நாள் பட்டப்பகலில் ஆபீசிலிருந்து சாப்பிட வந்தேன். அக்னி நட்சத்திர வெயில், தெருவில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. எங்கள் வாசல் முழுக்க ஈரச் செம்மண் சேற்றுக் காலடிகள். பெரிய கால், சின்னக் கால், குழந்தைக் கால்கூட. எல்லாம் நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றுவிட்டன, ஆள் ஒருவரும் இல்லை. உள்ளே அம்மா முகமெல்லாம் சிரிப்பாக நின்றாள்.

"தம்பி வந்துகீறான்டா! கூப்ட்டா உள்ள வரமாட்டேன்றான். அண்ணன் எதையோ கிழிக்காம வெச்சிக்கினு கீறானாம், அத்த கிழிக்கச் சொல்லும்மான்றான். இன்னாடா அது?"

அம்மாவுக்கு எழுத்து தெரியாது, பரண்மேல் ஏறவும் முடியாது. தபால்காரன் சொல்லியிருப்பான் என்பீர்கள். சொல்லியிருந்தால் சிரித்துக்கொண்டா நிற்பாள்?

டப்பாவோடு குளக்கரைக்கு ஓடினேன். ஒவ்வொன்றாகக் கிழித்தேன். தம்பியுடையதைக் கடைசியாகக் கிழிக்கும்போது வாய்விட்டு அழுதேன்.

திரும்பியபோது வாசல் காய்ந்து கிடந்தது, ஒரு தடம்கூட இல்லை. அம்மா தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு நிலைப்படியில் நின்றாள். தம்பி போன சேதியை நான் இன்னும் சொல்லவே இல்லை. ஒரு வாளித் தண்ணீரை என் பக்கம் நகர்த்தினாள்.

"உள்ள வராத. மொதல்ல தல முழுவு."

யார் சொன்னது என்று அவளை நான் இன்றுவரை கேட்கவில்லை.