திரையில் என்ன எழுதியிருந்தது

பொத்தானை அமுக்கிவிட்டு, மடிக்கணினியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக் காத்திருக்கிறார் பாண்டீஸ்வரி டீச்சர். வெதுவெதுப்பான காற்று கையில் பட்டால் உயிர் இருக்கிறது. அடுத்து, ஒலி கூட்டும் விசை. 'டிங்' என்று கேட்டால் ஸ்பீக்கர் நன்றாக இருக்கிறது. இரண்டும் சரியாக இருந்தும் பேச்சு வரவில்லையென்றால், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்தான் மயங்கிக் கிடக்கிறது. விசைகளைச் சேர்த்து அமுக்கி அதை எழுப்புகிறார். "எந்திரி தாயி, ஸ்கூலுக்கு நேரமாகுது."

பிறவியிலேயே பார்வை இல்லாதவர். சமயநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியர். எங்களுக்குப் பக்கத்து வீடு. அவருடைய கணினி பேசும் வேகம் நமக்குப் பிடிபடாது, கடுகு பொரிகிற மாதிரி இருக்கும். "இதவிட மெதுவாப் பேசுனா எனக்குத் தூக்கம் வந்துரும்" என்பார். அதைத் துடைக்கக்கூட யாரையும் விடமாட்டார். திரை முழுக்கத் தூசி என்று ஒருமுறை சொன்னேன். "இருந்துட்டுப் போகுது. அந்தப் பக்கம் எனக்கு வேலையே இல்ல" என்று சிரித்தார்.

கணவர் மலைச்சாமி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஐந்தாம் வகுப்போடு நின்றவர். தமிழை எழுத்துக்கூட்டி வாசிப்பார். ஆங்கிலத்தில் எழுத்துகள் மட்டும் தெரியும்.

டீச்சர் பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறார். தெருவில் விற்பவர்கள் எப்படியெல்லாம் கூவுகிறார்கள் என்பதுதான் ஆய்வு. மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கும் வாடிப்பட்டிச் சந்தைக்கும் சவாரியை விட்டுவிட்டு அவரை அழைத்துப் போனவர் மலைச்சாமி. கூட்டத்துக்கு நடுவே ரெக்கார்டரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவரும் அவர்தான். "அந்தம்மா மூச்சு வாங்குது, செத்த இரு, இன்னொருக்கா கூவட்டும்" என்று மனைவியின் காதில் சொல்வாராம். குரல்களும் எழுதிய இயல்களும் அந்தக் கணினியில்தான் இருந்தன.

போன வருடம் ஒருநாள் காலை, நாகமலை புதுக்கோட்டைக்குப் போய் ஆய்வு நெறியாளரைப் பார்க்க வேண்டியிருந்தது. கிளம்புமுன் கடைசியாக ஒரு பத்தியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது பாதி வாக்கியத்தில் குரல் நின்றது. டீச்சர் கைவைத்துப் பார்த்தார். சூடான காற்று வந்தது. 'டிங்' வரவில்லை. எழுப்பும் விசைகளுக்கும் பதில் இல்லை. ஹெட்போனைச் செருகிப் பார்த்தார், பிடுங்கிப் பார்த்தார். நேரம் போய்க்கொண்டிருந்தது.

சட்டை மாட்டிக்கொண்டிருந்த மலைச்சாமி பின்னால் வந்து நின்றார். "நீலமா இருக்கு பாண்டி. நடுவுல வட்டமாச் சுத்துது. கீழ என்னமோ எழுதியிருக்கு. டி... ஓ... என்..."

"நீங்க சும்மா இருங்க. ஒங்களுக்கு இதெல்லாம் தெரியாது."

டீச்சர் பொத்தானை அமுக்கிப் பிடித்தார். காற்று நின்றது. "அணைஞ்சிருச்சு" என்றார் மலைச்சாமி. மறுபடி அது எழவே இல்லை.

தல்லாகுளத்தில் கணினி பழுது பார்க்கும் பரீத்திடம் இருவரும் கொண்டுபோனார்கள். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார்.

"ஹார்டு டிஸ்க்கு ஏற்கெனவே பழசுக்கா. அப்டேட் ஓடிக்கிட்டு இருக்கும்போது அமுக்கி அணைச்சதுல மொத்தமாப் படுத்துருச்சு. ஒண்ணும் மீட்க முடியல. அணைக்காதீங்கன்னு திரையிலயே இங்கிலீஷ்ல போட்டிருக்குமே, யாரும் பாக்கலையா?"

டீச்சர் வாய் திறப்பதற்குள் மலைச்சாமி சொன்னார். "நான் கவனிக்கலப்பா."

திரும்பும் வழியில் மலைச்சாமி வழக்கம்போல ஆட்டோவை ஓட்டிக்கொண்டு வந்தார். "நாந்தான் சொன்னேன்லன்னு அவரு ஒரு வார்த்த கத்தியிருந்தாக்கூட ஆறியிருக்கும்" என்றார் டீச்சர் பிறகு என்னிடம். "அவரு எழுத்துக்கூட்டி முடிச்சிருப்பாரு. இன்னும் எம்புட்டு நேரம் ஆயிருக்கும்? நாந்தான் விடல."

பென் டிரைவில் முதல் இயல் மட்டும் இருந்தது. புதுக் கணினி வாங்கி, மறுபடி சந்தைகளுக்குப் போகிறார்கள். மலைச்சாமி பழையபடி ரெக்கார்டரைப் பிடிக்கிறார். ஆனால் பழைய குரல்களில் பல திரும்பக் கிடைக்கவில்லை. பூச்சந்தையில் மூச்சு வாங்கிய அந்தம்மா இப்போது வருவதில்லை; எங்கே போனார் என்று யாருக்கும் தெரியவில்லை. வீட்டில் இன்னொன்றும் நின்றுபோனது. திரையைப் பற்றி மலைச்சாமி ஒரு சொல்லும் சொல்வதில்லை. அதில் எது வந்து நின்றாலும், பார்க்காதவர் போலத் தாண்டிப் போய்விடுகிறார். டீச்சரே கேட்டாலும், "எனக்கென்ன தெரியும், அதக் கேளு" என்று கணினியைக் காட்டிவிடுவார்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தேன். மலைச்சாமி டீ கொண்டுவந்து மேசையில் வைத்தார். அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு கட்டம் எழும்பியது. கடுகு பொரிகிற அந்தக் குரல் வாசிக்கத் தொடங்கியது. டீச்சர் ஒரு விசையைத் தட்டினார், குரல் அடங்கியது. பேச்சையே நிறுத்திவைக்கும் விசை அது.

"என்னங்க போட்டிருக்கு?"

"ஒம் மிசினுதான் சொல்லுமே" என்றார் மலைச்சாமி, வாசலைப் பார்த்தபடி.

"சொல்லலங்க."

மலைச்சாமி நின்றார். டீச்சர் கணினியை அவர் நின்ற பக்கமாகத் திருப்பிவைத்துவிட்டு, பெஞ்சில் அவர் உட்கார இடம் விட்டு நகர்ந்தார்.