பெரிய பம்ப் தரமாட்டேன்

செம்பூரில் பம்ப் கடை வைத்திருக்கிறேன். எந்தப் படகுக்கு எது பொருந்தும் என்று யோசிக்காமலே சொல்வேன். அதனால் மீன்பிடிக்கும் சேவியர் அண்ணன் கடைக்கு வந்து கத்தியபோது சுருக்கென்றது.

"நீ தந்த பம்பு சரியில்ல தங்கச்சி. படகுத் தொட்டியில போட்ட களவா மீனெல்லாம் செத்துப் போவுது. ஓட்டல்காரன் உயிர் மீனுதான் வாங்குவான். இன்னும் பெருசா ஒண்ணு தா."

"எங்க வச்சு சாவுது?"

"கடல்ல துள்ளிக்கிட்டுதான் கெடக்கும். கரைக்கு வரும்போதுதான்."

நான் விற்கவில்லை. மறுநாள் அவர் படகில் ஏறினேன். திரும்பும்போது, ஊர்ச் சாக்கடை வந்து கலக்கும் கழிமுகத்துக்குள் நுழைந்ததும் தண்ணீர் கறுத்து நாறியது. பம்ப் அதையும் ஒழுங்காக இறைத்துத் தொட்டியில் ஊற்ற ஆரம்பித்தது. மீன்கள் வாயைப் பிளந்தன. சட்டென்று வெளித் தண்ணீர் வரும் வால்வை மூடினேன். பம்பின் உறிஞ்சு குழாயைத் தொட்டிக்குள் விட்டு, உள்ளே இருந்த கடல் நீரையே சுழல வைத்தேன்.

அன்று மீன்கள் கரையிலும் துள்ளின.

"பெரிய பம்பு வச்சிருந்தா?" என்றார்.

"இன்னும் சீக்கிரம் செத்திருக்கும் அண்ணே."

பெருமையோடு வீட்டுக்கு வந்து ஜன்னலைத் திறந்தேன். அதே நாற்றம். அந்தக் கழிமுகத்தின் கரையில்தான் பிறந்ததிலிருந்து குடியிருக்கிறேன். மூடிக்கொள்ள எனக்கு வால்வு இல்லை.