கரும்பலகையின் கீழ்ப்பாதி

அரியலூர் கண் ஆஸ்பத்திரியில் என் மகள் சுவரில் மாட்டியிருந்த எழுத்துகளை மேலிருந்து வாசித்துக்கொண்டே வந்து, "அவ்வளவுதான்" என்று நிறுத்தினாள். கீழே இன்னும் இரண்டு வரிகள் இருந்தன.

இருபது வருஷத்துக்கு முன், செந்துறையில் ஆறாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மல்லிகாவுக்கும் கரும்பலகை தெரியாது. "நீ வாசி, அவ எழுதிக்கட்டும்" என்று கணக்கு சார் என்னிடம் சொல்லியிருந்தார். நோட்டு மூக்கில் இடிக்கிற மாதிரி குனிந்து, மெதுவாக எழுதுவாள். மணியடித்தால் எனக்கு கோகோ விளையாடப் போக வேண்டும். பாதிப் பலகை மிச்சமிருக்கும்போதே "அவ்வளவுதான்டி" என்பேன். அவள் எதுவும் கேட்காமல் நோட்டை மூடிவிடுவாள்.

அரையாண்டுப் பரீட்சையில் அவள் பாதிக் கேள்விகளுக்கு ஒன்றுமே எழுதவில்லை.

"இவ எல்லாத்தயும் வாசிச்சாளா இல்லியா?" என்று சார் என்னைக் காட்டி அவளிடம் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"வாசிச்சா சார். எனக்குத்தான் மண்டையில ஏறல" என்றாள் மல்லிகா.

"இது ஒத்துவராது" என்று சார் அவளைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். அங்கே அவளுக்கு வாசித்துச் சொல்ல யாரும் இல்லை. பொங்கல் லீவுக்குப் பிறகு அவள் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை.

இடம் மாறிய அன்று என் புத்தகங்களோடு கலந்துவிட்ட அவளுடைய கணக்கு நோட்டு என் பையிலேயே தங்கிவிட்டது. பிரித்துப் பார்த்தேன். நான் "அவ்வளவுதான்" என்று சொன்ன ஒவ்வொரு நாளும், மீதியைப் பிறகு எழுதிக்கொள்ள அரைப் பக்கம் இடம் விட்டிருந்தாள்.