யாரும் பாடாத இசைத்தட்டு

எழுபதுகளின் கடைசியில், ஒரு சித்திரை மாத மத்தியானம். பொள்ளாச்சியிலிருந்து மீனாட்சிபுரம் வழியாகக் கோவிந்தாபுரம் போகும் பஸ்ஸில், மடியில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டு நான் தூங்கி வழிந்துகொண்டிருந்தேன். பெட்டி நிறைய இசைத்தட்டுகள். காலையில் எத்தனை கொண்டு கிளம்பினேனோ அத்தனையும் அப்படியே இருந்தன.

அப்போது நான் ஓர் இசைத்தட்டுக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கோயமுத்தூரில் ஒரு மாடி அறை, ஒரு முதலாளி, நான். முதலாளிக்கு உண்மையில் மோட்டார் பம்பு வியாபாரம். எப்படியோ அவர் காதில் வெளிநாட்டு நடன இசை விழுந்து தொலைத்துவிட்டது. மின்சார ஆர்கன் ஒன்றை வரவழைத்தார். கூடவே, தானாகவே தாளம் போடும் பெட்டி ஒன்று. சினிமாப் பாட்டைப் பெரிய கம்பெனிகள் பார்த்துக்கொள்ளட்டும், நாம் சுத்தமான ஆட்ட இசை வெளியிடுவோம் என்றார். அந்த மாதப் புது வெளியீடு மூன்று தட்டுகள். பாட்டு இல்லாததால் பெயரும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர்தான். மேலுறையில் மட்டும் ஜிகினாச் சட்டை போட்ட ஒரு பெண் ஆடிக்கொண்டிருப்பாள். கடைக்காரர்கள் அவளைத்தான் வெகுநேரம் பார்ப்பார்கள். பிறகு ஒரே கேள்வி.

"எந்தப் படமுங்க?"

"படம் இல்லீங்க."

"யாரு பாடுனது?"

"யாரும் பாடலீங்க."

"அப்புறம் எதுக்குங்க தட்டு?"

இதற்குப் பதில் எனக்கும் தெரியாது. முதலாளி சொல்லிக் கொடுத்த பதில் ஒன்று இருந்தது. அது இங்கிலீஷில் இருந்ததால் ஊர் எல்லை தாண்டுவதற்குள் மறந்துபோகும். எல்லைச் செக்போஸ்ட்டில் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கூட, அந்தப் பெண்ணைப் பார்த்துவிட்டு, "ஏது சினிமா?" என்றுதான் கேட்டார்.

கோவிந்தாபுரத்தில் ரேடியோ செட் வாடகைக்கு விடுகிற ஒருவரைப் பார்க்க வேண்டும். கடை பூட்டியிருந்தது. பக்கத்துச் சிற்றூரில் மாரியம்மன் நோம்பித் திருவிழா, செட்டோடு அங்கே போயிருக்கிறார் என்றார்கள். பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். எதிரே வந்தவர்கள், "வாணமுங்களா?" என்று கேட்டு வழிவிட்டார்கள். வெடிப்பெட்டி என்று நினைத்துக் கிடைத்த மரியாதை அது. நான் மறுக்கவில்லை.

கோயில் வேப்பமரத்தடியில் ரேடியோக்காரர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கண் இரண்டும் சிவந்து, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஊருக்கே பஞ்சாயத்துச் சொல்லி ஓய்ந்தவர் மாதிரி இருந்தார். மரத்தின் மேலே கிழக்குப் பார்த்து ஓர் ஒலிபெருக்கிக் குழாய், மேற்குப் பார்த்து ஒரு குழாய். மேற்குக் குழாயின் விளிம்பு நசுங்கியிருந்தது.

"போன வருச நோம்பியிலீங்க, கல்லு" என்றார், நான் கேட்காமலே.

விஷயம் இதுதான். ஊரில் கிழக்கு வளவில், அதாவது கிழக்குத் தெரு வீடுகளில், தமிழ் பேசுகிறவர்கள், மேற்கில் மலையாளம் பேசுகிறவர்கள். வருஷம் பூராவும் ஒருவருக்கொருவர் ஏர் ஓட்டி, ஒரே கடையில் டீ குடித்து, அவர் பாஷையை இவரும் இவர் பாஷையை அவரும் பேசி, ஒரு குறையும் இல்லை. நோம்பிக்குக் குழாய் கட்டினால் மட்டும் சண்டை வந்துவிடும். ஒரு தமிழ்ப் பாட்டு, ஒரு மலையாளப் பாட்டு என்று மாற்றி மாற்றிப் போட்டாலும், "அவங்க பாட்டு மட்டும் நீளமா ஓடுது" என்பார்கள். காலையில்தான் யாரோ வயரைப் பிடுங்கிவிட்டார்கள். நோம்பிக் கமிட்டித் தலைவர் வந்து முடிவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: இன்றைக்கு மாவிளக்கு எடுத்து முடிவதற்குள் இன்னொரு சண்டை வந்தால் செட்டை இறக்க வேண்டியதுதான், இனி இந்த ஊரில் குழாயே கிடையாது, தப்பட்டை போதும்.

"இந்த ஊரு போச்சுன்னா சுத்துப்பட்டுல எல்லா ஊரும் அதையே சொல்லீருவாங்க. எனக்கு வேற தொழில் தெரியாதுங்க தம்பி. தோட்டமா, துரவா" என்றார். கையில் அடுத்துப் போட வேண்டிய தட்டு. அது தமிழா மலையாளமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் அதைப் போடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

எனக்கு அப்போதுதான் மூளை வேலை செய்தது. அது எப்போதாவது வேலை செய்தால் பக்கத்தில் இருப்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். பெட்டியைத் திறந்தேன்.

"இதைப் போடுங்கண்ணா. இதுல ஒரு வார்த்தை கிடையாது. தமிழும் இல்ல, மலையாளமும் இல்ல. யாரு வந்து சண்டை போடுவாங்க?"

அவர் மேலுறைப் பெண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேற்குக் குழாயைப் பார்த்தார். பிறகு நம்பர் ஒன்றைப் போட்டார்.

ஆர்கன் கிளம்பியது. தாளப் பெட்டி கிளம்பியது. கோயில் வாசலில் பேச்சு நின்றது. கிழக்கே டீக்கடையில் இருந்தவர்கள் தம்ளரைப் பிடித்தபடி காத்திருந்தார்கள். மேற்கே திண்டில் உட்கார்ந்திருந்தவர்களும் காத்திருந்தார்கள். எதற்கு என்று எனக்குக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. பாட்டு ஆரம்பிப்பதற்காக. தட்டு பாதி ஓடிவிட்டது. இது முகப்பு இசை, இதோ இப்போது பாடகர் வாயைத் திறக்கப்போகிறார் என்று ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. தட்டு முடிந்தது.

"ஏனுங்க, பாடறவரு வரலீங்களா?" என்று ஒருவர் வந்து கேட்டார்.

ஆனால் சண்டை இல்லை. ரேடியோக்காரர் முகத்தில் ரத்தம் திரும்பியது. நம்பர் இரண்டு. நம்பர் மூன்று. திருப்பிப் போட்டு மறு பக்கம். மறுபடி ஒன்று. கமிட்டித் தலைவர் வந்து குழாயை அண்ணாந்து பார்த்தார். இது எந்தக் கட்சி என்று அவருக்குப் பிடிபடவில்லை. "நடக்கட்டும், நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் மரத்தில் சாய்ந்துகொண்டேன். முதலாளியிடம் சொல்ல வேண்டிய வாசகங்களை மனத்துக்குள் எழுதிக்கொண்டிருந்தேன். தூக்கம் வந்தது. ஆனால் அந்தத் தாளத்தில் யாராலும் தூங்க முடியாது. அது எனக்கே அன்றுதான் தெரிந்தது. நானும் அதுவரை அதை முழுசாக உட்கார்ந்து கேட்டதில்லை.

தப்பட்டை அடிக்கிறவர் ஒருவர் அந்தத் தாளத்தோடு சேர்ந்து அடித்துப் பார்த்தார். நல்ல கை. ஒரு பக்கம், மறு பக்கம், அடுத்த தட்டு என்று விடாமல் அடித்தார். கடைசியில் வியர்த்து விறுவிறுத்து, தப்பட்டையைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அங்க அடிக்கறவனுக்குக் கை வலிக்காதுங்களா?"

"அவனுக்குக் கையே இல்லீங்க. அது ஒரு பெட்டி."

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு, "அதான பாத்தேன்" என்றார்.

வெயில் சாய்ந்தது. மாவிளக்குத் தட்டோடு வந்த ஓர் அம்மாள் நின்று, "எங்க தோட்டத்து மோட்டரு கெட்டுப்போனா இப்பிடித்தானுங்க சத்தம் போடும்" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டுப் போனார். அவர் வாயில் சர்க்கரை போட வேண்டும். எங்கள் முதலாளியின் இரண்டு தொழிலையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துவிட்டார்.

முதலில் கிழக்கு வளவிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். ரேடியோக்காரர் எழுந்து குழாய் வயருக்கு முன்னால் நின்றுகொண்டார். வந்தவர்களில் மூத்தவர் தலையைச் சொறிந்தார்.

"அண்ணா, மேக்கால வளவுக்காரங்க பாட்டையே போட்டுக்கோங்க. எத்தன நீளமா வேணாலும் இருக்கட்டும். நாங்க ஒண்ணும் சொல்லறதில்ல."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, மேற்கிலிருந்தும் ஒரு கூட்டம் வந்து நின்றது. அவர்களில் ஒருவர் கையைக் கூப்பினார்.

"தமிழ்ப் பாட்டு தன்னெ மதி. இது வேண்டாம். தலைவேதனை."

மதி என்றால் போதும் என்று அர்த்தம். இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்த்தது. யாருக்கு முதலில் சிரிப்பு வந்தது என்று தெரியாது. பிறகு எல்லோரும் சேர்ந்து, இதைக் கொண்டு வந்தது யார் என்று கேட்டார்கள். ரேடியோக்காரர் நன்றி இல்லாதவர் அல்ல. ஆனாலும் கையை நீட்டி என்னைக் காட்டிவிட்டார்.

அடி விழும் என்றுதான் நினைத்தேன். வியர்த்த சட்டையும் அட்டைப்பெட்டியுமாக நான் நின்ற நிலையைப் பார்த்து அவர்கள் மனசு இளகிவிட்டது. "இதயவா தூக்கீட்டு ஊரு ஊரா நடக்கறீங்க?" என்றார் கிழக்கு வளவு மூத்தவர். "பாவமுங்க." அன்றைக்குக் காலையிலிருந்து என் தொழிலைப் பற்றி யாரும் அவ்வளவு சரியாகச் சொல்லவில்லை. கிழக்கே ஒரு வீட்டில் சோறு போட்டார்கள். அது முடிந்ததும் மேற்கே இழுத்துக்கொண்டு போய் இன்னொரு தடவை போட்டார்கள். வேண்டாம் என்றால் அதற்கும் ஒரு சண்டை வருமோ என்று பயந்து இரண்டையும் சாப்பிட்டேன்.

மாவிளக்கு ஒழுங்காக நடந்தது. ஒரு தமிழ், ஒரு மலையாளம். நடுவில் எங்கோ ஒரு குரல் உயர்ந்தது. ரேடியோக்காரர் நம்பர் மூன்றைக் கையில் எடுத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார். குரல் அடங்கிவிட்டது. "அடுத்த வருசமும் நீங்களே வந்துருங்க" என்று கமிட்டித் தலைவர் அவரிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அவர் துண்டை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். அந்தத் தட்டை மட்டும் என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "போடோணும்னு இல்லீங்க தம்பி. செட்டுப் பொட்டி மேல இருந்தாப் போதும்."

அந்தப் பயணத்தில் நான் விற்ற ஒரே தட்டு அதுதான்.

கிழக்கு வளவு ஆள் ஒருவர் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டார். மேற்கு வளவு ஆள் பெட்டியைத் தன் சைக்கிளில் கட்டிக்கொண்டார். இருவரும் பேசிக்கொண்டே கோவிந்தாபுரம்வரை வந்து, பெட்டி பத்திரமாகப் பஸ் ஏறி ஊரை விட்டுப் போகிறதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்கள்.

கோவிந்தாபுரம் பக்கம் எப்படி என்று முதலாளி கேட்டார். "கேட்டவுடனே ஊரே ஒண்ணு சேந்துருச்சுங்க" என்றேன். பொய் இல்லை. அவர் மகிழ்ந்துபோனார். நம்பர் நான்கு மட்டும் வெளிவரவில்லை. அவர் மறுபடி பம்புக்கே போய்விட்டார், நான் பிரஷர் குக்கருக்குப் போனேன். அதையும் யாரும் வாங்கவில்லை என்பது வேறு கதை.

இப்போதும் வீட்டிலோ தெருவிலோ இரண்டு பேர் முட்டிக்கொள்ளும்போது நடுவில் அகப்பட்டால், யாருக்கும் பிடிக்காத ஒரு யோசனையைச் சொல்லிவிட்டு, இரண்டு பக்கத் திட்டையும் வாங்கிக்கொண்டு அலுப்போடு உட்கார்ந்திருப்பேன். அவர்கள் இருவரும் சேர்ந்து என்னைத் திட்டுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில், மாடி அறையில் யாருமே பாடாமல் செய்த அந்தத் தட்டு வீணாகவில்லை என்று எனக்குத் தோன்றும்.