கருவாடு மணக்கும் விரல்

போன மாதம் எங்கள் வீட்டுப் பூனைக்குட்டி என் மகள் பொன்னுவைக் கடித்துவிட்டது. கட்டை விரலில் பல் பதிந்த தடம். குழந்தை அழுதாள். எனக்குக் கோபம் வந்தது — குட்டியின் மேல் அல்ல.

என் கொழுந்தன் செல்லத்துரை கருவாட்டு மண்டி வைத்திருக்கிறான். யுத்தம் ஓய்ந்து கொழும்புக்குத் தோணிகள் தாராளமாகப் போகத் தொடங்கியதிலிருந்து அவனுக்குக் கை கழுவக்கூட நேரமில்லை. மண்டியிலிருந்து வந்ததும், கருவாடு மணக்கும் விரல்களைக் குட்டியின் வாயருகே ஆட்டுவான். அது கவ்வும், இவன் சிரிப்பான்.

“நாளைக்கு மண்டியில எலி பிடிக்கணும்லா மதினி? இப்பமே பழகட்டும்.”

பழகியது. விரல் என்றால் தின்பண்டம் என்று நன்றாகவே பழகியது!

கடித்த அன்று அவன் என்ன செய்தான் தெரியுமா? குட்டியின் மூக்கில் சுண்டினான்.

“பேய்க்குட்டி மதினி இது. தோணி ஓட்டுற தண்டல்கிட்ட சொல்லிட்டேன். சரக்கு ஏறினதும் இதையும் ஏத்தி விட்டிருவோம்.”

“ஏத்துறதுன்னா உம்மளத்தான் ஏத்தணும். சொல்லிக் கொடுத்தவரு நீருல்லா?”

பொன்னு என் சேலையைப் பிடித்து இழுத்தாள். “அம்மா, கொழும்புல அதுக்கு யாரு பால் ஊத்துவா?”

சரக்கு ஏறி முடியும்வரைதான் அவகாசம். மறுநாளே சட்டம் போட்டேன். சீயக்காய் தேய்த்துக் கை கழுவாமல் யாரும் குட்டியைத் தொடக் கூடாது. கவ்வினால் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. ஓடுவதைத்தானே பூனை துரத்தும்? அசையாமல் இருந்து, அது விட்டதும் எழுந்து போய்விட வேண்டும். விளையாட வந்தால் ஒரு நார்க்கயிற்றுத் துண்டு. என் கையெல்லாம் கீறல்... பொறுத்தேன். மெல்ல மெல்லப் பல்லின் அழுத்தம் குறைந்தது. பிறகு குட்டி கயிற்றையே தேடிப் போயிற்று.

தப்பைச் சிரித்துச் சிரித்துக் கற்பிப்பது, அது பலித்தவுடன் தண்டிப்பது — பூனைக்கு மட்டுமா இது நடக்கிறது? எத்தனை வீடுகளில், எத்தனை பிள்ளைகளுக்கு!

தண்டல் கூடையோடு வந்தார். செல்லத்துரை, கழுவாத கையைக் குட்டியிடம் நீட்டினான். “பாரும், எப்படிக் கடிக்குன்னு!”

குட்டி விரலை முகர்ந்தது, ஒரு நக்கு நக்கியது, கயிற்றிடம் போய்விட்டது.

“என்ன அண்ணாச்சி, தோணியில எலி பிடிக்க, கடிக்கிற பூனை தாரேன்னீரு. இது விரலையே கடிக்க மாட்டேங்கு!”

சொல்லிவிட்டுத் தண்டல் வெறுங்கூடையோடு நடந்தார். பொன்னு குட்டியை அள்ளிக்கொண்டாள்.

“நல்ல குட்டிதான் மதினி” என்கிறான் செல்லத்துரை, என்னிடமே!

குட்டி கடிப்பதை விட்டுவிட்டது; கோபத்தை விடுவதில், பூனைக்குட்டியைவிட நான் மந்தம்.