லோக்கல் ரயிலில் எடுத்த சிங்கப்பூர் டிக்கெட்

போன வருடம் மழைக்காலத்தில் நடந்தது. செம்பூரில் காலை லோக்கலைப் பிடித்து, பெண்கள் பெட்டியில் ஜன்னலோரமும் கிடைத்துவிட்ட திருப்தியில் உட்கார்ந்திருந்தேன். குர்லா தாண்டியதும் சிங்கப்பூரிலிருந்து என் தோழியின் செய்தி வந்தது. "ரெடியா? இன்னும் ஏழு நிமிஷம்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கல்லூரி ஹாஸ்டலில் நானும் அவளும் ஒரே அறை. ஒரு இசையமைப்பாளர் மேல் இருவருக்கும் அப்படியொரு பைத்தியம். அவர் கச்சேரியை என்றாவது பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று பேசிக்கொண்டதோடு சரி. அவள் நர்ஸாகச் சிங்கப்பூர் போனாள், நான் கல்யாணமாகி மும்பை வந்தேன். இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. இப்போது அவர் சிங்கப்பூரில் பாட வருகிறார், வெளிநாட்டில் இதுவே கடைசி நிகழ்ச்சி என்றார்கள். ஆன்லைன் விற்பனை தொடங்கும் சிங்கப்பூர் நேரம் காலை பத்தரை மணிக்கு அவளுக்கு டியூட்டி. "நான் பாத்துக்கறேன்" என்று வீறாப்பாகச் சொல்லியிருந்தேன்.

அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருப்பவள் நான். சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் என்பதும் தெரியும். ஆனால் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்டிவிட்டேன். மதியம் ஒரு மணிக்குச் சாவகாசமாக எடுக்கலாம் என்றிருந்தால், விற்பனை காலை எட்டுக்கே.

இணையதளத்தின் காத்திருப்பு வரிசையில் அவசரமாக நுழைந்தேன். என் முகம் போன போக்கைப் பார்த்து எதிரே இருந்த மராட்டிப் பெண்மணி என்னவென்று கேட்டார். தினமும் அதே பெட்டி, பார்த்தால் சிரிப்போம், பெயர்கூடத் தெரியாது. விஷயத்தைச் சொன்னேன். "டென்ஷன் மத் லோ", கவலையை விடு என்றவர் தன் போனிலும் வரிசையில் நுழைந்தார். அதோடு விட்டாரா, பெட்டி முழுக்கச் சொல்லிவிட்டார். பாராயணப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தவர் அதை மூடிவைத்தார். மை தீட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் ஒற்றைக் கண்ணோடு நிறுத்திவிட்டாள். அந்த இசையமைப்பாளர் யாரென்றே தெரியாத ஏழெட்டுப் பேர் எனக்காக வரிசையில் நின்றார்கள்.

எட்டு மணிக்குக் குலுக்கல் முறையில் எண்கள் வந்தன. எனக்கு முன்னால் பல ஆயிரம் பேர். ஒற்றைக் கண் மைக்காரிக்கு முன்னால் வெறும் நூற்றுச் சொச்சம் பேர்தான். வடாலா தாண்டும்போது அவள் போனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கைகள் கிடைத்தன. பணம் கட்ட ஐந்து நிமிடம். என் கார்டு எண்ணை உரக்கப் படித்தேன், அவள் தட்டினாள். அடுத்து ஓடிபி.

அது என் கணவரின் போனுக்குத்தான் போகும். சம்பளம் என்னுடையது, கார்டு என்னுடையது. கணக்குத் திறந்தபோது கொடுத்த எண் அவருடையது, மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மூன்று முறை கூப்பிட்டும் அவர் எடுக்கவில்லை.

நல்லவேளை, எதிர் ஃபிளாட்டில் எங்கள் வீட்டுச் சாவி ஒன்று எப்போதும் இருக்கும். அந்த வீட்டுப் பெண் தாராவியில் வளர்ந்த திருநெல்வேலிக்காரி. போனில் ஒரு வார்த்தை சொன்னதும் எங்கள் கதவைத் திறந்து உள்ளே ஓடினாள். "யக்கா, அண்ணன் குளிச்சிக்கிட்டிருக்காவ, பாட்டுச் சத்தம் கேக்கு. போனு இங்கனதான் கிடக்கு, நம்பரு சொல்லுதேன்." ஓடிபியை யாரிடமும் சொல்லக் கூடாது என்பார்கள். அன்றைக்கு அதை ஸ்பீக்கரில் ஒரு பெட்டியே கேட்டது.

டிக்கெட் உறுதியானதும் எழுந்த கைதட்டலில் அடுத்த பெட்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் வெட்கமில்லாமல் அழுதேன். வீட்டில், துண்டோடு வெளியே வந்த என் கணவர் தன் போனோடு நின்ற எதிர் வீட்டுப் பெண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி குளிக்கப் போய்விட்டாராம். அந்த வாரமே வங்கிக்குப் போய் என் எண்ணைக் கொடுத்தேன்.

சிங்கப்பூரில் முதல் பாட்டு தொடங்கியபோது தோழி என் கையைப் பிடித்தவள், கடைசிவரை விடவில்லை.

எனக்கு இது வேண்டும் என்று நான் அதுவரை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை; ஒரே ஒரு முறை சொன்னதற்கு முன்பின் பேசியிராத பெண்கள் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்ததை நினைத்தால், இத்தனை வருடம் ஏன் சொல்லாமலே இருந்தேன் என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.