வரிசையின் கடைசிப் பெண்

பெயிண்ட் வாடையும் மீன் பொரிக்கும் வாடையும் கலந்துவிட்டால் எது எதுவென்று பிரித்துச் சொல்ல மூக்குக்குத் தெரியாது. வளைகுடா நகரமான தோகாவில், நஜ்மா பகுதியில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பொது அடுக்களை எப்போதும் அப்படித்தான் மணக்கும். ஓர் அறையில் நர்ஸ் வேலை பார்த்த அம்மாவும் நானும் இருந்தோம். அடுத்த அறையில் தையல்கடைக்குப் போய்வந்த பிலிப்பைன்ஸ் பெண்மணி ஒருவர். அவர்கள் ஊர் வழக்கப்படி அவரை 'டீட்டா' என்று கூப்பிடுவேன், நாம் சித்தி என்பதுபோல.

விடுமுறை நாளான வெள்ளிக்கிழமைகளில் டீட்டா அடுக்களைச் சுவரில் தன் ஊர் ஆட்களை வரைவார். நாற்று நடுகிறவர்கள், நெல் புடைக்கிறவர்கள், கூடை சுமந்து வரிசையாகப் போகும் மீன்காரிகள். கண், மூக்கு எதுவும் இருக்காது. கை கால்கள் கட்டை கட்டையாக, உள்ளங்கைகள் முறம் அளவுக்கு இருக்கும். எனக்கு அவை கொஞ்சமும் பிடிக்கவில்லை.

அம்மாதான் ஒருநாள் அந்த மீன்காரிகளைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "சும்மாடு இல்லாம எவளாவது கடவம் சொமப்பாளா மக்களே?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, துவர்த்துத் துண்டைச் சுருட்டித் தலையில் வைத்து, அதன்மேல் சோற்றுப்பானையை ஏற்றி, கையால் பிடிக்காமல் அடுக்களைக்குள் நடந்து காட்டினாள். சிறுமியாக இருந்தபோது குளச்சலில் பள்ளிக்கூடம் போகுமுன் வீடுவீடாக மீன் விற்றவள் அவள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. டீட்டா அவளையே வரிசையின் கடைசிப் பெண்ணாக, தலையில் சும்மாட்டோடும் கன்னத்து மச்சத்தோடும் வரைந்தார். டியூட்டிக்குக் கிளம்பும்போதெல்லாம் அம்மா அதை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் போவாள்.

என் பத்தாவது பிறந்தநாளுக்குப் பள்ளித் தோழிகள் வருவதாக இருந்தது. அந்த மச்சத்தைப் பார்த்தால் என் அம்மாவை மீன்காரி என்று கண்டுபிடித்துவிடுவார்களே என்று பயந்து, டீட்டாவின் வெள்ளை பெயிண்ட்டை எடுத்து அந்த ஒருத்தியை மட்டும் அழித்தேன். மறுபடி வரையட்டுமா என்று டீட்டா கேட்டபோது அம்மா, "கலாஸ்" என்றாள், போதும் என்று அரபியில்.

இரண்டு வருடத்தில் டீட்டா ஊருக்குப் போய்விட, நாங்களும் வீட்டைக் காலி செய்தோம். அங்கே சாவியைத் திருப்பிக் கொடுக்குமுன் சுவரை வெள்ளையாக்கித் தர வேண்டும். அம்மா ரோலரால் மீன்காரிகளை ஒவ்வொருத்தியாக மறைத்துக்கொண்டே வர, கடைசி இடத்தில் நான் பிரஷ்ஷோடு போய் நின்றேன்.

"அங்க அடிக்காண்டாம் மக்களே. அவள நீ அப்பமே அடிச்சிட்டியே."

அந்தக் கட்டடம் இப்போது இல்லை. அம்மாவும் இல்லை. அவளுடைய நர்ஸ் உடுப்புப் படங்கள் நிறைய இருக்கின்றன. மீன் விற்ற அம்மாவைத்தான் என் மகளுக்குக் காட்ட வழியில்லை. போன வாரம் துவர்த்தைச் சுருட்டித் தலையில் வைத்து, பானையை ஏற்றி, மகள் முன்னால் நடந்து பார்த்தேன். கையை எடுத்துவிட்டு இரண்டு அடிகூட என்னால் வைக்க முடியவில்லை.